உங்களுக்குத் தெரியுமா? தாத்தாவின் டாங்கி நீந்தியது!

இரண்டாம் உலகப் போரில் தாத்தா என்ன பயிற்சி பெற்றார் என்று துழாவும் பிரிட்டிஷ் குடும்பங்களைக் குழப்பும் பெயர் ஒன்று உண்டு: ‘கால்வாய்ப் பாதுகாப்பு விளக்கு’. ஏதோ கரையோரக் காவல் வேலை போலிருக்கிறது, இல்லையா? உண்மையில் அது டாங்கியின் சுழல்மேடையில் பொருத்தி, இரவில் எதிரியின் கண்ணைக் கூசவைக்க உருவாக்கிய விளக்கு. ரகசியம் காக்கத்தான் இந்தப் பெயர். வடக்கு இங்கிலாந்தின் லோதர் கோட்டை நிலங்களில் பயிற்சி நடந்தது.

விளக்கு டாங்கிகள் மட்டுமல்ல, நீந்தும் டாங்கிகளும் இருந்தன; அவை ஃபிரிட்டன் ஏரியில் பழகின. சுற்றிலும் கான்வாஸ் திரையை உயர்த்தினால் பல டன் இரும்பு மிதக்கும்! முழுகினால் தப்பிக்க, மூச்சுக்கருவி அணிந்து வெளியேறவும் வீரர்கள் கற்றார்கள். 1944 ஏப்ரல் 4 அன்று ஸ்டட்லண்ட் விரிகுடா ஒத்திகையில் கடல் சீறியது. வாலன்டைன் வகை நீந்தும் டாங்கிகள் மூழ்கி 6 பேர் இறந்தனர்.

இத்தகைய விசித்திர டாங்கிகளை ஒருங்கிணைத்தது 79வது கவசப் படைப்பிரிவு. தளபதி பெர்சி ஹோபார்ட், சர்ச்சில் திரும்ப அழைக்கும்வரை உள்ளூர்க் காவல்படையில் வெறும் கார்ப்பரல்! பழைய புகைப்படத்தில் தோள்பட்டையில் காளைத்தலைச் சின்னம் தெரிந்தால், அது இந்தப் படைப்பிரிவுதான்.

ஆனால் தாத்தாவின் பணிப்பதிவில் பெரும்பாலும் ரெஜிமென்ட் பெயரும் தேதிகளும்தான் இருக்கும். எந்த ஏரி, எந்தக் கடற்கரை என்பதை அறிய அந்த ரெஜிமென்டின் போர் நாட்குறிப்பைப் புரட்ட வேண்டும். லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில், உள்நாட்டுப் பயிற்சிக் காலத்துக்கு ‘டபிள்யூ.ஓ. 166’ வரிசையைக் கேளுங்கள். 1944இல் பிரான்சில் இறங்கிய படைகளுக்கு ‘டபிள்யூ.ஓ. 171’.