வாடகைப் பாத்திரமும் மேகக் கணிப்பொறியும்

சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து படியிறங்கும்போது, வலியசாலையைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் என்னை மடக்கினார். "என் பேத்தி டெக்னோபார்க்கிலே கிளவுட்டிலே வேலை பார்க்கிறேன்னு சொல்றா. மேகத்திலே என்னப்பா வேலை?" என்று கேட்டார். சிரித்துச் சமாளித்துவிட்டு வந்தேன். ஆனால் கேள்வி மனத்தைவிட்டுப் போகவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் இந்த வேலையை நம்பித்தான் இருக்கிறார்கள். ஆகவே எனக்குத் தெரிந்ததை எழுதலாம் என்று தோன்றியது.

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் நிறுவனம் மேகக் கணிப்பொறிக்கு மாறக் கூடாது என்று கடைசி வரை வாதாடியவன் நான். சுமார் அறுபது பேர் வேலை செய்யும் சிறிய நிறுவனம் அது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பதும் பராமரிப்பதும் தொழில். அதன் சர்வர் அறைச் சாவி இருபது ஆண்டுகளுக்கு மேலாக என் இடுப்பில்தான் தொங்கியது.

கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் 1990-ல் தொடங்கப்பட்டது. இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா இதுதான். கட்டடங்களுக்குப் பம்பா, பெரியாறு, நிளா, பவானி என்று ஆறுகளின் பெயர்களை வைத்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த நாட்களில் ஒரு நிறுவனத்தின் தகுதியை அதன் சர்வர் அறையை வைத்துத்தான் அளப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வாடிக்கையாளர் வந்தால் முதலில் அங்கேதான் அழைத்துப் போவோம். குளிரூட்டிய அறை, வரிசையாகப் பச்சை விளக்குகள், பின்னால் யு.பி.எஸ்., வெளியே டீசல் ஜெனரேட்டர். கோயிலைச் சுற்றிக் காட்டுவது போலக் காட்டுவேன்!

இதில் சிக்கல் என்னவென்றால், அயலகப் பணி என்பது நிலையான பயிர் அன்று. இன்று மூன்று வாடிக்கையாளர்கள் இருப்பார்கள்; அடுத்த ஆண்டு ஒருவர் போய்விடுவார். ஒரு வேலை கையெழுத்தானால் நான்கு சர்வர் வாங்க வேண்டும். விலைப்புள்ளி கேட்டு, ஆர்டர் கொடுத்து, சரக்கு வந்து சேர ஆறு வாரம் ஆகும். எட்டு மாதத்தில் வேலை முடிந்தால் சர்வர்கள் சும்மா கிடக்கும். மின்சாரமும் குளிரூட்டலும் மட்டும் நிற்காது. ஐந்து ஆண்டில் அவை பழைய இரும்பு. சிறிய நிறுவனத்தின் முதல் எல்லாம் இப்படி அலமாரியில் போய் உறங்கிவிடும்.

பெரியவருக்கு அன்றே சொல்லியிருக்க வேண்டிய விளக்கம் இதுதான். பெண்ணின் கல்யாணத்துக்கு அண்டாவும் குண்டானும் நாம் விலைக்கா வாங்குகிறோம்? வாடகைக்கு எடுத்து, சமையல் முடிந்ததும் கழுவித் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம் அல்லவா? மேகக் கணிப்பொறியும் அவ்வளவே. மேகம் ஆகாயத்தில் இல்லை. எங்கோ ஓர் ஊரில், காவலும் மின்சாரமும் உள்ள பெரிய கட்டடத்தில் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகள் இருக்கின்றன. வேண்டியபோது இணையத்தின் வழியே எடுத்துக்கொண்டு, பயன்படுத்திய நேரத்துக்கு மட்டும் பணம் கட்டுகிறோம். அமேசான் நிறுவனம் 2006-ல் இதைப் பெரிய அளவில் தொடங்கியது. முதலில் மணிக்கணக்கில் வாடகை. 2017-லிருந்து பல சேவைகளுக்கு நொடிக்கணக்கு. மைக்ரோசாப்ட் 2015-ல் புனே, சென்னை, மும்பை ஆகிய மூன்று இடங்களில் தன் மையங்களைத் திறந்தது. அமேசான் 2016-ல் மும்பையிலும் 2022-ல் ஐதராபாத்திலும் திறந்தது. ஆறு வாரம் காத்திருந்த சர்வர் இப்போது ஆறு நிமிடத்தில் கிடைக்கிறது.

இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் எதிர்த்தேன். வாடிக்கையாளரின் தகவலை அந்நியர் கட்டடத்தில் வைக்கலாமா என்று கேட்டேன். உண்மையில் என் பயம் வேறு. அறை போனால் சாவி போகும், சாவி போனால் நான் எதற்கு?

என்னை மாற்றியது 2020 மார்ச் மாதம். நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. பல நிறுவனங்கள் மேசைக் கணிப்பொறிகளை வண்டியில் ஏற்றி ஊழியர்களின் வீடுகளுக்கு அனுப்பின. நாங்களும் அதையே செய்தோம். ஆனால் எங்களிடம் வேலை செய்தவர்களில் பாதிப் பேர் நாகர்கோவில், மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கம். தினமும் ரயிலில் வந்து போகிறவர்கள். ரயில் நின்றது, களியக்காவிளையில் எல்லையை அடைத்தார்கள். 1956-ல் மாநிலங்கள் பிரிந்தபோது போட்ட கோடு எங்கள் அலுவலகத்துக்கு நடுவே ஓடுகிறது என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். எப்படியோ பையன்கள் வீட்டிலிருந்து இணைந்தார்கள். ஆனால் அத்தனை பேரும் எங்கள் அலுவலகத்தின் ஒரே இணைப்பு வழியாக அந்த ஒரே அறைக்குள் நுழைய வேண்டும். திருவிழாக் கூட்டம் ஒற்றைக் கதவில் நெருக்கியது போல ஆயிற்று. சர்வர் ஒன்று நின்றுபோனால், அனுமதிச் சீட்டைப் போலீசாரிடம் காட்டிக்கொண்டு வெறிச்சோடிய சாலையில் நான் ஒருவன் ஸ்கூட்டரில் போக வேண்டும். இரண்டு முறை நள்ளிரவில் போனேன். வாடிக்கையாளர் ஒருவர் தாமதத்தைப் பொறுக்காமல் விலகிவிட்டார். அந்தப் பணியை நம்பியிருந்த ஒன்பது பேரில் நால்வருக்கு வேலை போயிற்று. மேகத்துக்கு ஏற்கெனவே மாறியிருந்த என் நண்பரின் நிறுவனத்தில் ஒரு நாள்கூட வேலை நிற்கவில்லை. அந்த நால்வரில் ஒருவன், நானே சிபாரிசு செய்து சேர்த்த பையன். வாதத்தில் ஜெயித்தவன் நான், இழந்தவன் அவன்.

அடுத்த ஆண்டு மாறத் தொடங்கினோம். 2023 அக்டோபரில் திருவனந்தபுரத்தில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கழக்கூட்டம் பகுதியில் வெள்ளம் புகுந்தது. பழைய நாளாக இருந்தால் ஜெனரேட்டர் டீசலை எண்ணிக்கொண்டு விழித்திருப்பேன். அன்று வீட்டில் இருந்தபடியே எல்லாம் ஓடுவதைத் திரையில் பார்த்துவிட்டுத் தூங்கினேன்.

தகவல் பாதுகாப்பைப் பற்றி நான் எழுப்பிய கேள்விக்கும் விடை கிடைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2018-ல் நடைமுறைக்கு வந்தது முதல், அங்குள்ள வாடிக்கையாளர் தம் மக்களின் விவரங்களை வெளியே அனுப்பத் தயங்குகிறார். முன்பு நாங்கள் அதன் நகலை இங்கே கொண்டுவந்து வேலை செய்தோம். இப்போது தகவல் ஜெர்மனியின் பிராங்பர்ட் மையத்திலேயே இருக்கிறது. எங்கள் ஆட்கள் இங்கிருந்து திரையில் பார்த்து வேலை செய்கிறார்கள், நகல் எடுப்பதில்லை. இப்படிப் பார்ப்பதற்கும் சட்டத்தில் விதிமுறைகள் உண்டு. என்றாலும் பேச்சு எளிதாகிவிட்டது.

ஆனால் எல்லாம் தேனும் பாலும் அன்று. வாடகைப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க மறந்தால் என்ன ஆகும்? எங்களுக்கு அதுவும் நடந்தது. சோதனைக்காக எடுத்த இருபது கணிப்பொறிகளை அணைக்காமல் ஓணம் விடுமுறைக்குப் போய்விட்டோம். மாதக் கடைசியில் வந்த பில்லைப் பார்த்து முதலாளி வாயடைத்துப்போனார். அன்று முதல் மாலை ஏழு மணிக்குத் தானாக அணையும்படி செய்திருக்கிறோம். செலவு இவ்வளவைத் தாண்டினால் எச்சரிக்கை வரும்படியும் வைத்திருக்கிறோம்.

பாதுகாப்பிலும் பாதிப் பொறுப்பு நம்முடையதுதான். கட்டடத்தை அவர்கள் காப்பார்கள். நம் பூட்டை நாம்தான் காக்க வேண்டும். 2014-ல் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் மேகக் கணக்குக்குள் ஒரு விஷமி புகுந்து, பிரதிகளையும் சேர்த்தே அழித்துவிட்டான். நிறுவனம் மூடப்பட்டது. 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் மையம் தீப்பற்றியது. பிரதியையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் கைவிரித்து நின்றார்கள். 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் கணக்கு, கூகுள் தரப்பில் நேர்ந்த அமைப்புப் பிழையால் அழிந்தது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஒரு வாரம் தவித்தார்கள். வேறொரு நிறுவனத்திடமும் பிரதி வைத்திருந்தது மீட்புக்குக் கைகொடுத்தது. நாங்களும் வாரம் ஒரு பிரதியை வேறிடத்தில் வைக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து உண்மையிலேயே மீட்க முடிகிறதா என்று பார்ப்பது என் வேலை.

எல்லோருக்கும் இது பொருந்துமா என்றால், இல்லை. ஆண்டு முழுவதும் ஒரே அளவில் வேலை நடக்கும் இடத்தில் சொந்த இயந்திரம் மலிவாக இருக்கலாம். அமெரிக்காவின் 37சிக்னல்ஸ் நிறுவனம் 2022-ல் மேகத்தைவிட்டு வெளியேறுவதாக அறிவித்ததே அந்தக் கணக்கில்தான். தினமும் அன்னதானம் செய்யும் மடம் பாத்திரத்தைச் சொந்தமாகத்தான் வாங்கும். ஏறி இறங்கும் வேலையை வைத்துப் பிழைக்கும் எங்களைப் போன்ற சிறு நிறுவனங்களுக்குத்தான் வாடகை லாபம்.

என் கதைக்கு வருகிறேன். ஐம்பது வயதை நெருங்கும்போது, மகன் வயதுப் பையன்களோடு உட்கார்ந்து புதிதாகப் படித்தேன். முதல் தேர்வில் தோற்றேன், இரண்டாவதில் தேறினேன். என்னோடு சர்வர் அறையில் இருந்த இருவரில் ஒருவர் படித்து இன்று கணக்குப் பாதுகாப்பைக் கவனிக்கிறார். மற்றவருக்கு அதில் மனம் ஒட்டவில்லை. சாலைக் கடைத்தெருவில் கணிப்பொறி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். போனால் டீ வாங்கித் தருவார். மேகத்தைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

பழைய சர்வர் அறை இப்போது சாப்பாட்டு அறை. குளிரூட்டி மட்டும் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. நாகர்கோவில் ரயிலில் வரும் பிள்ளைகள் மதியம் அங்கேதான் டிபன் கேரியரைத் திறக்கிறார்கள். சாவி இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது.