பன்னிரண்டு ஏழைப் பையன்களோடு தொடங்கிய பள்ளி

மும்பையிலிருந்து நாசிக், பூசாவல் பக்கம் ரயிலில் போய் வருகிற நம்மவர்களுக்கு தேவ்லாலி ஸ்டேஷன் தெரிந்திருக்கும். கசாராவில் வண்டிக்குத் துணை இன்ஜின் பூட்டுவார்கள். முப்பத்தேழு அடிக்கு ஓர் அடி உயர்கிற மலைப்பாதையில் ஏறி, இகத்புரியைத் தாண்டிப் போனால், நாசிக் ரோடுக்கு முன்னால் வருகிற ஊர் அது. ராணுவ முகாம்களும் பீரங்கிப் படையின் பயிற்சிப் பள்ளியும் அங்கே இருக்கின்றன. ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பார்ன்ஸ் பள்ளியும் அங்கேதான் இருக்கிறது. 2025 ஜனவரியில் அதற்கு நூறு ஆண்டு நிறைந்தது.

ஆங்கிலிக்கன் சபை வழியில் வந்த இந்தப் பள்ளியை ஒரு தனிச் சங்கம் நடத்துகிறது. ஒரு பள்ளியின் வாசல் யார் பிள்ளைக்குத் திறக்க வேண்டும் என்ற கேள்வி இந்தப் பள்ளியை வைத்துத்தான் உச்ச நீதிமன்றம் வரை போனது. பிழைக்க வந்த ஊரில் பிள்ளைகளுக்கு அட்மிஷன் தேடி அலைகிற நாம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது.

கோட்டைக்குள் ஓர் இலவசப் பள்ளி

சர்ச்கேட் ஸ்டேஷனில் தினமும் இறங்குகிறோம். எந்த சர்ச்சுக்குப் போகிற கேட் அது? பழைய பம்பாய்க் கோட்டைக்குள் இருந்த செயின்ட் தாமஸ் தேவாலயத்துக்குப் போகிற கேட். அந்தத் தேவாலயம் 1718 கிறிஸ்துமஸ் அன்று திறக்கப்பட்டது. அதைக் கட்டி முடிக்கப் பாடுபட்டவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பாதிரியார் ரிச்சர்ட் காப். அதே காலத்தில் அவர் ஒரு சிறு இலவசப் பள்ளியையும் தொடங்கினார். பன்னிரண்டு ஏழைப் பையன்கள், ஒரே ஓர் ஆசிரியர். தங்க இடம், சோறு, துணி, படிப்பு எல்லாம் தர்மம்.

ஏறக்குறைய நூறு ஆண்டுகள் பள்ளி இப்படியே சிறிய அளவில் நடந்தது. 1815-ல் பம்பாயின் முதல் ஆர்ச்டீக்கன் ஜார்ஜ் பார்ன்ஸ் நிதி திரட்டி ஒரு சங்கம் அமைத்தார். அதன் முழுப் பெயரைத் தமிழில் சொன்னால், 'பம்பாய் ஆட்சிப் பகுதியில் ஏழைகளின் கல்வியை வளர்க்கும் சங்கம்'. பிற்பாடு பம்பாய் எஜுகேஷன் சொசைட்டி என்று சுருங்கியது. இலவசப் பள்ளி இந்தச் சங்கத்தின் பொறுப்பில் வந்தது.

சட்டாம்பிள்ளை முறை

இங்கே நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. சங்கம் கைக்கொண்ட பாடமுறைக்குப் பெயரே 'மதராஸ் முறை'. 1789 முதல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் அனாதைப் பையன்களுக்கான விடுதியைக் கவனித்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். பக்கத்தில் ஒரு திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தம் விடுதியிலும் அப்படியே செய்தார். மூத்த பையன் இளைய பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் வைத்தார். நம் கிராமங்களில் சட்டாம்பிள்ளை செய்த வேலைதான் அது. 1797-ல் லண்டனில் அவர் இதைப் புத்தகமாக வெளியிட்ட பிறகு இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளிலும் இம்முறை பரவியது. ஆசிரியர் குறைவு, பிள்ளைகள் அதிகம் என்ற இடத்தில் செலவு மிச்சமாயிற்று.

பம்பாய்ச் சங்கம் இந்தியப் பிள்ளைகளுக்கும் சில பள்ளிகள் திறந்தது. அந்த வேலை 1822-ல் தனிச் சங்கத்துக்குப் போய்விட்டது. எல்பின்ஸ்டன் கல்லூரியின் தொடக்கம் அந்தக் கிளையில்தான். பழைய சங்கத்தின் பள்ளிகள் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கு என்று ஆகிவிட்டன. 1825-ல் பைகுல்லாவில் அரசு தந்த காற்றோட்டமான இடத்தில் புதுக் கட்டடங்கள் எழுந்தன. அந்த நிலத்தின் ஒரு பகுதியில் பின்னர் கிறைஸ்ட் சர்ச் தேவாலயம் வந்தது.

ரயில் கொண்டுபோன பள்ளி

1853-ல் போரிபந்தருக்கும் தானாவுக்கும் இடையே நாட்டின் முதல் பயணி ரயில் ஓடியது. அதன்பின் டிரைவர், கார்டு, ஃபோர்மன் வேலைகளில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறையச் சேர்ந்தன. பெரம்பூர், ஜோலார்பேட்டை, போத்தனூர் ரயில்வே காலனிகளில் இவர்களோடு பழகி வளர்ந்த நம்மவர்கள் பலர். இரண்டு வருடம் ஓர் ஊர், மூன்று வருடம் இன்னோர் ஊர் என்று மாற்றலாகிற தகப்பனுக்கு விடுதிப் பள்ளிதான் கைகொடுக்கும்.

பைகுல்லா நாளடைவில் மில்களும் ஜனநெருக்கமும் நிறைந்த பகுதியாகிவிட்டது. விடுதிப் பிள்ளைகளை நல்ல காற்றுள்ள இடத்துக்குக் கொண்டுபோகச் சங்கம் முடிவு செய்தது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 அடி உயரத்தில், ரயில் வசதியோடு இருந்த தேவ்லாலியில் 250 ஏக்கருக்கு மேல் வாங்கினார்கள். 1923-ல் கவர்னர் சர் ஜார்ஜ் லாயிட் அடிக்கல் நாட்டினார். 1925 ஜனவரி 29-ல் பள்ளி திறக்கப்பட்டு, ஆர்ச்டீக்கன் பார்ன்ஸின் பெயரைப் பெற்றது. ஐந்து நாள் கழித்து, பிப்ரவரி 3-ல், விக்டோரியா டெர்மினஸுக்கும் குர்லாவுக்கும் இடையே நாட்டின் முதல் மின்சார ரயில் ஓடியது. பைகுல்லாவில் தங்கிவிட்ட பகல் பள்ளி கிறைஸ்ட் சர்ச் பள்ளி ஆயிற்று.

1954 ஜனவரி 6 உத்தரவு

சுதந்திரத்துக்குப் பின் நிலைமை மாறியது. பார்ன்ஸில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஆங்கிலோ இந்தியர் அல்லாத பிள்ளைகள். இந்த நேரத்தில், மொரார்ஜி தேசாய் முதல்வராக இருந்த பம்பாய் அரசு 1954 ஜனவரி 6-ல் ஓர் உத்தரவு போட்டது. ஆங்கில வழி வகுப்புகளில் இனி ஆங்கிலோ இந்தியரையும் ஆசிய வம்சாவளியல்லாத குடிமக்களையும் தவிர வேறு யாரையும் புதிதாகச் சேர்க்கக் கூடாது என்றது அந்த உத்தரவு. இந்திய மொழிகளை வளர்ப்பதே நோக்கம் என்றது அரசு.

பார்ன்ஸுக்கு இரண்டு தகப்பன்மார் வந்தார்கள். ஒருவர் இந்தியக் கிறிஸ்தவரான ராணுவ அதிகாரி. மகளைச் சேர்க்க வந்தார். மற்றவர் குஜராத்தி இந்துவான டாக்டர். மகனைச் சேர்க்க வந்தார். உத்தரவைக் காட்டி இருவருக்கும் இடம் இல்லை என்று சொல்லப்பட்டது. இருவரும் ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். சங்கமும் தனியே வழக்குப் போட்டது. பள்ளித் தரப்பில் வாதாடியவர்களில் அப்போது இளம் வழக்கறிஞரான நானி பல்கிவாலாவும் ஒருவர். பிப்ரவரியில் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா அடங்கிய பெஞ்ச் உத்தரவு செல்லாது என்றது. அரசு அப்பீல் செய்தது. மே 26-ல் உச்ச நீதிமன்றம் அப்பீலைத் தள்ளுபடி செய்தது.

நீதிபதி எஸ்.ஆர். தாஸ் எழுதிய தீர்ப்பில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, அரசியல் சட்டத்தின் 29(2) பிரிவு. அரசு நடத்துகிற அல்லது அரசு உதவி பெறுகிற கல்விக்கூடத்தில், மதம், இனம், சாதி, மொழி என்ற காரணத்துக்காக மட்டும் எந்தக் குடிமகனுக்கும் இடம் மறுக்கக் கூடாது என்கிறது அது. இந்தப் பாதுகாப்பு சிறுபான்மையினருக்கு மட்டுமல்ல, எல்லாக் குடிமக்களுக்கும் உண்டு என்றது கோர்ட். மொழியை வளர்க்கிற நோக்கம் நல்லதாக இருக்கலாம். அதற்காகப் பிள்ளையை வாசலில் நிறுத்த முடியாது. இதே 29(2) பிரிவின்படிதான் 1951-ல் சென்னை மாகாணத்தின் செண்பகம் துரைராஜன் வழக்கும் தீர்ந்தது.

இரண்டாவது, 337-வது பிரிவு. ஆங்கிலோ இந்தியப் பள்ளிகளுக்குப் பத்தாண்டுக் காலம் தனி மானியம் தந்த பிரிவு இது. மானியம் வேண்டுமானால் ஆண்டுதோறும் 40 சதவீத இடங்களைப் பிற சமூகத்தாருக்குத் திறந்து வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. திறந்து வை என்று அரசியல் சட்டம் சொல்ல, மூடி வை என்று அரசு உத்தரவிட்டால் பள்ளி என்ன செய்யும்? உத்தரவு நிற்காது என்றது கோர்ட்.

இன்று

1970-ல் வட இந்திய ஆங்கிலிக்கன் சபை வேறு சபைகளோடு இணைந்து சி.என்.ஐ. ஆனது. நம் பக்கத்தில் 1947-லேயே சி.எஸ்.ஐ. ஆகிவிட்டதைப் போல. பார்ன்ஸ் இப்போது ஜூனியர் கல்லூரியும் சேர்ந்த விடுதிப் பள்ளி. எல்லா மதத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். வீட்டிலிருந்து வந்து போகிறவர்களும் உண்டு.

சாதி, மத, மொழி வாசல் திறந்துவிட்டது. கட்டண வாசல் இருக்கிறது. ஒரு குமாஸ்தாவின் சம்பளத்தில் விடுதிப் பள்ளிச் செலவைத் தாங்குவது லேசான காரியம் அல்ல. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடங்களை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. ஆனால் சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அதை மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்று தலைமை நீதிபதிக்கு அனுப்பினார்கள். ஏழைகளின் கல்விக்கென்று தொடங்கிய இப்படிப்பட்ட பள்ளிகள் எத்தனை ஏழைகளுக்கு இடம் தரும் என்பது இப்போதைக்கு அந்தந்தப் பள்ளியின் மனதைப் பொறுத்தது.

நம்மவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். சிறுபான்மைப் பள்ளிகள் தங்கள் சமூகப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தரலாம். ஆனால் அரசு உதவி பெறும் பள்ளியில், நீ தமிழன், உன் மொழி வேறு என்பதை மட்டும் காரணமாகக் காட்டித் திருப்பி அனுப்ப முடியாது. அப்படி யாராவது சொன்னால் சண்டை வேண்டாம். காரணத்தை எழுத்தில் தரும்படி பணிவாகக் கேளுங்கள். 1954-ல் தேவ்லாலிக்கு வந்த இரண்டு தகப்பன்மாரும் சும்மா வீடு திரும்பியிருந்தால் அந்தத் தீர்ப்பு வந்திருக்காது.