பெயர் மாறிய கப்பல்

மும்பைவாசிகளான நமக்கு விக்டோரியா டாக் வெடிவிபத்து தெரிந்த கதைதான். 1944 ஏப்ரல் 14 அன்று 'ஃபோர்ட் ஸ்டிகின்' என்ற சரக்குக் கப்பல், பஞ்சுப் பொதிகளோடு வெடிமருந்தும் ஏற்றி வந்து தீப்பிடித்து வெடித்தது. தங்கக் கட்டிகள் பறந்து வந்து விழுந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். இறந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாகத்தான் ஏப்ரல் 14 இன்றும் அனுசரிக்கப்படுகிறது.

அது போர்க்காலம், ஏற்றி வந்ததும் வெடிமருந்து. ஆனால் மூன்றே ஆண்டுகள் கழித்து, போரெல்லாம் முடிந்த பிறகு, அமெரிக்காவில் ஒரு கப்பல் வயலுக்குப் போடும் உரத்தால் வெடித்தது. அதன் கதையைச் சொல்கிறேன்.

போரில் நீர்மூழ்கிகளால் இழந்த கப்பல்களை ஈடுகட்ட, அமெரிக்கா 1941 முதல் 1945 வரை 2,710 'லிபர்ட்டி' கப்பல்களைக் கட்டியது. எல்லாம் ஒரே வரைபடம். ரிவெட் அடித்துக்கொண்டிருந்தால் நேரமாகும் என்று தகடுகளை வெல்டிங் செய்தார்கள். ஒவ்வொன்றும் சுமார் 10,000 டன் சுமக்கும். அவற்றில் ஒன்று, 1942-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் கட்டப்பட்ட 'பெஞ்சமின் ஆர். கர்ட்டிஸ்'. கர்ட்டிஸ் என்பவர் அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். போர் முடிந்ததும் அந்தக் கப்பல் பிரான்சுக்குக் கைமாறி, 'கிராண்ட்கேம்ப்' என்ற பெயரில் வணிகச் சரக்கு ஏற்றத் தொடங்கியது.

கப்பல் மட்டும் பெயர் மாறவில்லை. நெப்ராஸ்கா, அயோவா மாநிலங்களில் குண்டு தயாரித்த தொழிற்சாலைகளும் போர் முடிந்ததும் உரத் தொழிற்சாலைகளாயின. அங்கே தயாரான அம்மோனியம் நைட்ரேட் காகிதப் பைகளில் அடைக்கப்பட்டு, ரயிலில் டெக்சஸ் சிட்டி துறைமுகத்துக்கு வந்தது. கட்டிபிடிக்காமல் இருக்க மெழுகு போன்ற பூச்சு வேறு. பைகள் கைக்குச் சூடாகவே இருந்தன. மேலே 'உரம்' என்றுதான் அச்சிட்டிருந்தது. வெடிக்கும் என்று ஒரு சொல் இல்லை. பக்கத்து ஹூஸ்டன் துறைமுகம் இந்தச் சரக்கை அனுமதிக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

1947 ஏப்ரல் 16 காலை எட்டு மணிவாக்கில், நான்காவது சரக்கறையில் புகை கிளம்பியது. தண்ணீர் பீய்ச்சினால் சரக்கு கெட்டுவிடும் என்று கேப்டன் தடுத்தார். மூடிகளை இறுக்கிவிட்டு உள்ளே நீராவியைத் திறந்துவிடச் சொன்னார். அவரை முட்டாள் என்று நினைக்க வேண்டாம். வேறு சரக்காக இருந்தால் அது சரியான முறைதான். நீராவி காற்றை வெளியேற்றும், ஆக்சிஜன் இல்லாமல் தீ அணையும். ஆனால் அம்மோனியம் நைட்ரேட்டின் எடையில் நூற்றுக்கு 60 பங்கு ஆக்சிஜன். அதற்கு வெளிக்காற்றே வேண்டாம். நீராவியோ மேலும் சூடேற்றியது, மெழுகு எரிபொருளாயிற்று, இறுக்கிய மூடி அழுத்தத்தைக் கூட்டியது.

ஆரஞ்சு நிறப் புகையைப் பார்க்கக் கூட்டம் கூடியது. 9 மணி 12 நிமிடத்துக்குச் சுமார் 2,300 டன் உரம் வெடித்தது. மறுநாள் அதிகாலை, பக்கத்தில் நின்ற 'ஹை ஃப்ளையர்' என்ற கப்பலும் அதே உரத்தால் வெடித்தது. இறந்தவர்கள் குறைந்தது 581 பேர். ஊரின் 28 தன்னார்வத் தீயணைப்பு வீரர்களில் 27 பேர் மாண்டார்கள். நஷ்டஈடு வழக்கு 1953-ல் உச்ச நீதிமன்றத்தில் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தோற்றது. கர்ட்டிஸ் அமர்ந்திருந்த அதே நீதிமன்றம்! பிறகு 1955-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றித்தான் நிவாரணம் கொடுத்தது.

பாடம் அத்தோடு முடியவில்லை. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட்டில் 2,750 டன் அதே பொருள் வெடித்து இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான், 2015-ல் பறிமுதலாகிச் சென்னை மணலியில் கிடந்த சுமார் 700 டன்னை அவசரமாக ஹைதராபாதுக்கு அனுப்பினார்கள்.

ரயில்வேயில் ஆபத்தான சரக்குகளுக்கென்றே 'ரெட் டாரிஃப்' என்ற விதித்தொகுப்பு உண்டு. என்ன பொருள், எதோடு சேர்க்கக் கூடாது, வேகனில் எந்த லேபிள் ஒட்ட வேண்டும் என்று அது சொல்லும். நான் வேலையில் சேர்ந்த புதிதில், இத்தனை காகிதம் எதற்கு என்று அலுத்துக்கொண்டதுண்டு. டெக்சஸ் சிட்டியைப் பற்றிப் படித்த பிறகு அலுத்துக்கொண்டதில்லை.

தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது, பேரப்பிள்ளைகளுக்கென்று சிவகாசிப் பட்டாசைத் துணிமணிக்கு நடுவே சுருட்டி ரயிலில் கொண்டுவருபவர்கள் நம்மில் உண்டு. பெட்டிக்கு வெளியே தெரிவது துணிதான். தீ பிடித்தால், அணைக்க வருகிறவனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. அந்த 27 பேருக்கும் தெரியாது.