தம்பிக்காக ஒரு கூட்டம் தேடினேன்

குடிக்கிற ஆண் ஒருவர் வீட்டில் இருந்துவிட்டால் போதும், ஊரே வைத்தியம் சொல்ல வந்துவிடும். "கோயில்ல கயிறு கட்டு", "குலதெய்வத்து மேல சத்தியம் வாங்கு", "தெரியாம சோத்துல கலந்து குடுக்கற பவுடர் இருக்காமே!" என் தம்பி விஷயத்தில் இத்தனையும் கேட்டாயிற்று. கயிறு நாற்பத்தெட்டு நாள் நின்றது. நாற்பத்தொன்பதாம் நாள்... சொல்லவா வேண்டும்!

அந்தப் பவுடரைப் பற்றி ஒரு வார்த்தை, சகோதரிகளே. குடியை நிறுத்தத் தரும் மருந்துகளில் ஒன்று உடம்பில் இருக்கும்போது மது உள்ளே போனால் முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் நோயாளியிடம் விளக்கிச் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் டாக்டர் தருவார். பாக்கெட்டில் விற்கும் பவுடரில் என்ன இருக்கிறதென்று யார் கண்டது? ரசத்தில் கலக்கிற சமாசாரமா இது?

விக்கிரவாண்டிக்காரர்களுக்கு முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்தவர்களைக் கொண்டு வந்து சேர்த்ததும் அங்கேதான். மனநலப் பிரிவு என்ற பலகையைப் பார்த்ததும் தம்பி, "எனக்கென்ன பைத்தியமா?" என்று திரும்பி நடந்தான். அவன் பெண்டாட்டி ஒன்றும் பேசவில்லை. இடுப்புக் குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டு சீட்டு வாங்க வரிசையில் போய் நின்றாள். குழந்தையோடு எங்கே ஓடுவான்?

டாக்டர் சொன்னது எனக்குப் புதுசு. தினமும் நிறையக் குடிப்பவர் வைராக்கியமாகத் திடீரென்று நிறுத்துவதுதான் ஆபத்தாம். கை நடுங்கும், தூக்கம் போகும். இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். அதனால் படுக்கையில் சேர்த்து, பி1 வைட்டமின் ஊசியும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, "உடம்பைத் தேத்திட்டோம்மா. சாயங்காலம் ஆறு மணிக்கு மனசு இழுக்குமே, அதுக்கு ஏ.ஏ. கூட்டத்துக்கு அனுப்புங்க" என்றார்.

ஏ.ஏ. என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935ல் அமெரிக்காவில் அக்ரான் என்ற ஊரில், குடியால் சீரழிந்த பில் என்ற பங்குச்சந்தைக்காரரும் பாப் என்ற டாக்டரும் சந்தித்துப் பேசியதில் பிறந்தது. இன்னொரு குடிகாரனோடு மனம் விட்டுப் பேசினால் தன் தாகம் அடங்குகிறது என்று பில் கண்டுகொண்டார். அவ்வளவுதான் சூட்சுமம். கட்டணம் கிடையாது, ஜாதி மதம் கேட்பதில்லை, முழுப் பெயர்கூட வேண்டாம். குடியை விட வேண்டும் என்ற ஆசை ஒன்றே தகுதி.

எங்கே நடக்கிறது என்று தேடினால், ஆள் ஆளுக்கு 'ஹோம்' விலாசம் தருகிறார்கள். "வேன் வரும், கையக் கட்டித் தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்று சிபாரிசு வேறு! எங்கள் பக்கத்துக் குண்டலப்புலியூரில் அனுமதியில்லாமல் நடந்த ஆசிரமத்திலிருந்து 2023 பிப்ரவரியில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மீட்டதை நாங்கள் மறக்கவில்லை. எந்த இல்லமானாலும் அரசு உரிமம் உண்டா என்று முதலில் கேளுங்கள். 14446 என்ற அரசாங்கத்தின் இலவச எண்ணிலும் யோசனை சொல்கிறார்கள்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் மனைவிதான் பாண்டிச்சேரியில் ஒரு கூட்டம் இருப்பதாகச் சொன்னாள். பாண்டிக்குப் போகிறான் என்றால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான்! குடியை விடுவதற்குப் பாண்டி பஸ் ஏறியவன் என் தம்பியாகத்தான் இருப்பான். துணைக்கு நாங்கள் இருவரும் போனோம்.

அது குடும்பத்தாரும் வரக்கூடிய திறந்த கூட்டம். பத்துப் பன்னிரண்டு நாற்காலி, ஒரு ஃபிளாஸ்க் டீ. ஒருவர் எழுந்து, பெண்ணின் காது குத்துக்கு வைத்திருந்த பணத்தைக் குடித்ததைச் சொன்னார். யாரும் உச்சுக் கொட்டவில்லை, புத்தி சொல்லவில்லை. தம்பி அன்றைக்கு வாயே திறக்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில், "அடுத்த வாரமும் வரலாங்க்கா" என்றான்.

அவன் பெண்டாட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாத்தனார் என்றால் சண்டைக்காரி என்பார்கள். அவளோ என்னிடம்தான், "அண்ணி, அவர் குடிக்காத நாள்லயும் ஆறு மணி ஆனா எனக்கு வயித்தக் கலக்குது" என்றாள். குடிப்பவர் நிறுத்தினாலும் வீட்டாரின் பயம் உடனே நிற்பதில்லை. பில்லின் மனைவி லோயிஸ் 1951ல் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் கூட்டங்களை ஒருங்கிணைத்தது இதற்காகத்தான். சென்னையில் சாந்தி ரங்கநாதன், குடிநோய்க்கு 1979ல் இளவயதுக் கணவரைப் பறிகொடுத்தவர். மறு வருஷமே சிகிச்சை அமைப்பைத் தொடங்கி, அதில் மனைவிமாருக்கும் ஆலோசனை உண்டு என்று வைத்தார். 1992ல் பத்மஸ்ரீ பெற்றார்.

அல்-அனான் எல்லா ஊரிலும் இல்லை. ஆகவே எங்கள் வீட்டுப் பெண் திறந்த கூட்டம் நடக்கும் நாட்களில் அவனோடு போகிறாள். அன்றைக்கு இரண்டு பிள்ளைகளும் என்னிடம். மற்ற வாரங்களில் அவன் தனியாகவே பஸ் ஏறுகிறான். நடுவில் ஒரு தடவை சறுக்கினான், அதையும் கூட்டத்தில் அவனே சொல்லிவிட்டு வந்தான். இப்போது ஏழாவது மாதம் நடக்கிறது.