ஒளியை அளப்பதும் எண்ணுவதும்

காங்கேயம் வட்டாரத்து அரிசி ஆலைகளில் ‘கலர் சார்ட்டர்’ என்னும் இயந்திரம் பயன்படுகிறது. சரிந்து விழும் அரிசியின்மீது விளக்கொளி பாய்ச்சப்படுகிறது. கறுத்த மணி கேமராவில் தென்பட்டதும், காற்றைப் பீய்ச்சி அதனை வெளியே தள்ளிவிடுகிறது. அந்தக் கேமராவின் கண்ணாக விளங்குவது சி.சி.டி. போன்ற மின்னணு ஒளி உணரி. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சி.சி.டி.யை உருவாக்கிய வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் 2009இல் நோபல் பரிசு பெற்றனர்.

இவ்வுணரியின்மீது ஒளித்துகள்கள் படும்போது எலக்ட்ரான்கள் விடுபட்டுச் சேர்கின்றன. நெல்லை வள்ளத்தால் அளப்பதுபோல, சேர்ந்தவற்றை மொத்தமாக அளக்கிறோம். ஆயினும், அளக்கும் மின்சுற்றிலேயே சில எலக்ட்ரான்கள் அளவுக்குப் பிழை நேரும். ஒளி மிகுந்திருக்கையில் அது ஒரு பொருட்டன்று. வருவதே ஒற்றை ஒளித்துகள் என்றால்? அது அப்பிழைக்குள் மறைந்துவிடும்.

இங்கேதான் ஒளிப்பெருக்கிக் குழாய் கைகொடுக்கிறது. ஒரு துகள் வெளியேற்றும் ஒற்றை எலக்ட்ரானை அது படிப்படியாக ஏறத்தாழ 10 லட்சமாகப் பெருக்கிவிடும். எனவே, காசுகளைப்போல் துகள்களை ஒவ்வொன்றாக எண்ண இயலும். மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் ஏறினால் எட்டும் உதகையில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘கிரேப்ஸ்-3’ ஆய்வுக்கூடம் உள்ளது. விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் அங்குள்ள சுமார் 400 கருவிகளின் பிளாஸ்டிக் பலகைகளில் மெல்லிய மினுக்கொளியை எழுப்புகின்றன. அதனை இக்குழாய்களே உணர்கின்றன. எக்கருவி முதலில் மின்னியது என்பதை, நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நுட்பத்தில் அறிந்து, கதிர் வந்த திசையைக் கணிக்கின்றனர்.

அப்படியாயின், எண்ணும் கருவியே உயர்ந்ததா? அன்று. தன்மீது விழும் 100 துகள்களில் தரமான சி.சி.டி. 90 வரை பிடித்துவிடும். ஒளிப்பெருக்கிக் குழாயோ பெரும்பாலும் 30 அளவிலேயே நின்றுவிடும். துகள்கள் நெருங்கி வந்தால் இரண்டை ஒன்றென எண்ணும். பேரொளி பட்டால் பழுதும் அடையும்.

புற்றுநோயாளிகளுக்கு எடுக்கப்படும் ‘பெட் ஸ்கேன்’ கருவியிலும் இந்நுட்பம் உண்டு. உடலில் செலுத்திய மருந்திலிருந்து எழும் கதிர்கள் படிகத்தில் உண்டாக்கும் மெல்லொளியை, புதிய கருவிகளில் சிலிக்கான் ஒளிப்பெருக்கிகள் உணர்கின்றன. கருவி எவ்வளவு கூர்மையாக உணருமோ, அவ்வளவுக்கு மருந்தைக் குறைக்கலாம். நோயாளி ஏற்கும் கதிர்வீச்சும் குறையும்.

ஆகவே, வாசக நேயர்களே, எக்கருவி சிறந்தது என்று கேட்பதற்கு முன், வரும் ஒளி எவ்வளவு என்று கேட்பதே முறை. மிகுதியை அளக்க வேண்டும். அரிதானதை எண்ண வேண்டும்.