சிவப்பு விளக்கு சொல்வது என்ன?

இணையம் நின்றால் கோளாறு எங்கே என்பதை வீட்டு ரூட்டரே காட்டிக்கொடுக்கிறது. அதன் பட்டன்களில் ஒன்று மட்டும் ஆபத்தானது.

தில்லியில் இணையம் நின்றுபோனால் பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். ரூட்டரின் சுவிட்சை அணைத்துப் போடுகிறார்கள். பலனில்லை. பெட்டியின் பின்பக்கத்துச் சின்னத் துளையில் குண்டூசியை நுழைத்து அழுத்துகிறார்கள். அதற்கும் பலனில்லாமல் சேவை மையத்துக்குப் போன் செய்தால் இந்தியில் முதல் கேள்வி வருகிறது: "எந்த லைட் எரிகிறது?" ஆர்.கே.புரமோ மயூர் விஹாரோ, அங்கேதான் பலரும் விழிக்கிறார்கள்.

ஃபைபர் இணைப்புள்ள வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது எல்.ஓ.எஸ். என்ற எழுத்துகள் உள்ள விளக்கை. வினோதமான விளக்கு இது. எரியாமல் இருந்தால்தான் எல்லாம் சரி. சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ கண்ணாடி இழையில் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். அந்த நேரத்தில் எந்தப் பட்டனை அழுத்தியும் பயனில்லை. வீட்டுக்குள் செய்யக்கூடியது ஒன்றுதான்: சோபாவோ அலமாரியோ அந்த மெல்லிய ஒயரை நசுக்கியிருக்கிறதா, கூர்மையாக மடங்கியிருக்கிறதா என்று பார்ப்பது. (கழற்றிய முனையைக் கண்ணருகே கொண்டுபோகக் கூடாது. உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.) ஒயர் நன்றாக இருந்தால் கோளாறு வெளியே. சாலை தோண்டியவர்கள் அறுத்திருக்கலாம்; குரங்கும் காரணமாக இருக்கலாம். வாராணசியில் கங்கைக் கரை வைஃபைக்காகப் போட்ட ஃபைபர் கேபிள்களைக் குரங்குகள் கடித்துத் தின்றது 2015இல் உலகச் செய்தியானது. தில்லியிலும் குரங்குகளுக்குப் பஞ்சமில்லை.

பக்கத்திலேயே இருப்பது பி.ஓ.என். விளக்கு. நிலையான பச்சை என்றால் கம்பெனியின் மையக் கருவி இந்தப் பெட்டியை அடையாளம் கண்டுகொண்டது. மினுக்கிக்கொண்டே இருந்தால் பெட்டி கதவைத் தட்டுகிறது, திறக்க ஆளில்லை. ஒரே இழை பிரிப்பான் வழியாக 32 அல்லது 64 வீடுகளுக்குக் கிளை பிரிவதால், பக்கத்து வீட்டுக்காரரின் விளக்கையும் விசாரிப்பது நல்லது. அங்கும் சிவப்பென்றால் புகாருக்குக் கூட்டாளி கிடைத்தாயிற்று.

இந்த இரண்டும் சரியாக இருந்து இன்டர்நெட் விளக்கு மட்டும் சிவந்தாலோ அணைந்தாலோ, பாதை இருக்கிறது, அனுமதி இல்லை. கட்டணம் கட்டாதது, யூசர் நேம் தவறியது போன்ற சங்கதிகள் இங்கே வரும். லேன், வைஃபை விளக்குகள் படபடவென மினுக்குவது கோளாறல்ல. தகவல் போய்வருகிறது, அவ்வளவுதான். நிறங்களுக்குப் பொது விதி எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் பச்சை இன்னொன்றில் நீலம் அல்லது வெள்ளை.

உள்ளூர் கேபிள்காரரிடம் இணைப்பு வாங்கியவர்களுக்குக் கோடையில் ஒரு குழப்பம் வரும். மின்வெட்டில் வீட்டு இன்வர்ட்டர் புண்ணியத்தில் பவர் விளக்கு ஜொலிக்கும், 'வான்' விளக்கு மட்டும் செத்துக் கிடக்கும். காரணம், தெருமுனைப் பெட்டியில் உள்ள ஸ்விட்சுக்கும் மின்சாரம் வேண்டும்.

இனி அந்தக் குண்டூசித் துளை. ரீசெட் பட்டனை உள்ளே ஒளித்து வைத்திருப்பதே தெரியாமல் கை படக்கூடாது என்பதற்காகத்தான். சுமார் 10 விநாடி அழுத்தினால் பெட்டி கடையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பும். வைஃபை பெயர், பாஸ்வேர்டு, பல இணைப்புகளில் கம்பெனி தந்த யூசர் நேம், எல்லாம் அழியும். ஒரு மணி நேரத்தில் தானாகச் சரியாகியிருக்க வேண்டிய தெருக் கோளாறு, ஆள் வந்து பெட்டியைத் திரும்ப அமைக்கும்வரை நீளும்.

அதைவிட மோசம், பழைய பாஸ்வேர்டு திரும்பி வருவது. 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். மோடங்களைக் கெடுநிரல் தாக்கியது. கர்நாடகத்தில் ஆயிரக்கணக்கானோர் இணைப்பிழந்தார்கள். அடிபட்டவை, தயாரிப்பாளர் வைத்த 'அட்மின்' என்ற பாஸ்வேர்டை மாற்றாத மோடங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று நிறுவனம் கேட்டுக்கொண்டது.

வைஃபை கதவு சரியாகப் பூட்டப்படாததன் விலையைத் தில்லி முன்பே பார்த்திருக்கிறது. 2008 செப்டம்பர் 13 தொடர் குண்டுவெடிப்புக்குப் பொறுப்பேற்ற மின்னஞ்சல், மும்பை செம்பூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் வைஃபை வழியாக அனுப்பப்பட்டது. நிறுவனத்துக்கு அதில் சம்பந்தமில்லை. விசாரணை முதலில் போனது அதன் வாசலுக்குத்தான்.

டபிள்யூ.பி.எஸ். பட்டன் இந்தப் பூட்டோடு தொடர்புடையது. அழுத்திய 2 நிமிடத்துக்குள் புதிய கருவி பாஸ்வேர்டு இல்லாமலே இணையலாம். பிரிண்டர் வைத்திருப்பவருக்கு வசதி. ஆனால் இதே ஏற்பாட்டின் 8 இலக்க 'பின்' எண்ணை அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011 டிசம்பரில் அம்பலமானது. தேவையில்லை என்றால் செட்டிங்கில் அணைத்து வைப்பதே உத்தமம். சில மாடல்களில் டபிள்யூ.பி.எஸ்., ரீசெட் இரண்டுக்கும் ஒரே பட்டன்: லேசாக அழுத்தினால் முன்னது, பிடித்துக்கொண்டே இருந்தால் பின்னது. அந்தப் பெட்டி வைத்திருக்கும் வீட்டில் கம்பெனியின் யூசர் நேமை ஒரு சீட்டில் எழுதி ரூட்டரின் அடியிலேயே ஒட்டி வைக்கலாம்.