புல்வெளியில் ஓர் ஆய்வுக்கூடம்

தனி ஊசலின் அலைவு நேரத்தைக் காணும் சோதனையை நீங்கள் செய்திருப்பீர்கள். நூலின் நீளத்தையும் குண்டின் எடையையும் ஒரே சமயத்தில் மாற்றிவிட்டால், அலைவு நேரம் எதனால் மாறிற்று என்று சொல்ல இயலுமா? இயலாது. ஒன்றின் விளைவை அறிய வேண்டுமாயின் மற்றவற்றை மாறாமல் வைத்திருக்க வேண்டும். பூச்சிகளை எண்ணுவதற்கும் இந்த விதியே அடிப்படை.

இங்கிலாந்தின் புல்வெளிகளை எடுத்துக்கொள்வோம். அங்கே ஜூன், ஜூலை, ஆகஸ்டு ஆகிய மூன்றும் கோடை மாதங்கள். வெட்டுக்கிளிகளைப் பதிவு செய்ய ஏற்ற காலம் கோடையின் பிற்பகுதிதான். ஏன்? பெரும்பாலான வெட்டுக்கிளிகள் குளிர்காலத்தை முட்டையாகவே கழிக்கின்றன. வசந்தத்தில் பொரிக்கும் குஞ்சுகள் பலமுறை தோலுரித்து, கோடையின் நடுவில்தான் முழு வளர்ச்சி பெறுகின்றன. அதன் பின்னரே அவற்றின் இசை தொடங்குகிறது.

குறுகிய உணர்கொம்புடைய வெட்டுக்கிளி, பின்னங்காலின் உட்புறத்திலுள்ள நுண்ணிய முளைகளை முன்னிறகின்மேல் தேய்த்து ஒலியெழுப்புகிறது. சீப்பின் பற்கள்மேல் குச்சியை இழுத்தால் எழும் ஓசையை நினைத்துக்கொள்ளுங்கள். நீண்ட உணர்கொம்புடைய வகையோ ஓர் இறகை மற்றோர் இறகின்மேல் தேய்க்கிறது. செவியின் இடமும் வேறு. முன்னதற்கு அது வயிற்றின் பக்கவாட்டில் இருக்கிறது. பின்னதற்கு முன்னங்கால்களில் இருக்கிறது! ஒவ்வோர் இனத்துக்கும் தனி ஓசை உண்டு. பழகியவர்கள் பூச்சியைக் காணாமலே அதன் பெயரைச் சொல்லிவிடுவார்கள்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. மனிதச் செவி உணரக்கூடிய மேல் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். வயது ஏற ஏற இந்த எல்லை கீழே இறங்குகிறது. நீண்ட உணர்கொம்பு வகையைச் சேர்ந்த ஒரு பூச்சியின் தலை கூம்பு போன்றது. அதைக் கூம்புத்தலையன் என்று அழைப்போம். அதன் ஒலியின் பெரும்பகுதி 20,000 ஹெர்ட்ஸுக்கும் மேற்பட்டது. அந்தப் புல்வெளியில் நடக்கும் முதியவர் ஒருவர் "இங்கே அப்பூச்சி இல்லை" என்று எழுதினால், இல்லாதது பூச்சியா, கேட்கும் திறனா?

இதற்கு விடையளிக்கிறது வௌவால்களின் ஒலியைக் கேட்பதற்கென்று உருவான ஒரு கருவி. இதன் ஒரு வகையில் உள்ளே ஓர் அலையியற்றி உண்டு. அது 26,000 ஹெர்ட்ஸிலும் பூச்சியின் ஒலி 28,000 ஹெர்ட்ஸிலும் இருப்பதாகக் கொள்வோம். இரண்டும் கலக்கும்போது அவற்றின் வேறுபாடான 2,000 ஹெர்ட்ஸ் ஒலி பிறக்கிறது. அது எவருக்கும் கேட்கும். இரண்டு இசைக்கவைகளை ஒலிக்கச் செய்து விம்மல்களை எண்ணும்போது நாம் காண்பதும் இதே வேறுபாடுதான் அன்றோ!

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கூம்புத்தலையனின் நீள இறகு வகை, இங்கிலாந்தின் தென்கடற்கரையை ஒட்டிய சில இடங்களில் மட்டுமே அறியப்பட்டிருந்தது. 1980களிலிருந்து அது வடக்கு நோக்கிப் பரவியது. கோடைகள் வெப்பமானது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஆயினும் எவர் கேட்டார், எக்கருவியால் கேட்டார் என்ற குறிப்பு இருந்தால்தான் ஒரு பதிவை மற்றொன்றோடு ஒப்பிட முடியும்.

வண்ணத்துப்பூச்சிகளுக்கு இத்தகைய ஒழுங்கை வகுத்தவர் எர்னி பொல்லார்ட். இங்கிலாந்தின் மாங்க்ஸ் வுட் என்னுமிடத்தில் 1973இல் அவர் தொடங்கிய முறை, 1976இல் பிரிட்டன் முழுவதற்கும் விரிந்தது. விதிகள் எளியவை: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, வாரம் ஒருமுறை, அதே பாதையில் நடக்க வேண்டும். 5 மீட்டர் அகலத்துக்குள் தென்படுபவற்றை மட்டும் எண்ண வேண்டும். வெப்பநிலை 13 டிகிரி செல்சியசுக்குக் குறைந்தால் எண்ணக் கூடாது. ஏனெனில் குளிரில் வண்ணத்துப்பூச்சிகள் பறப்பதில்லை. அவை இல்லாமற் போனதாக நாம் தவறாக எண்ணிவிடுவோம்.

ஒன்றும் தென்படாத நாளில் என்ன செய்வது? சுழியம் என்று எழுத வேண்டும். எழுதாமல் விட்டால், அன்று பூச்சி இல்லையா, எண்ணியவர் செல்லவில்லையா என்பது பின்னால் எவருக்கும் தெரியாது.

இத்தனை கண்டிப்பு எதற்கு? ஜெர்மனியின் கிரெஃபெல்ட் நகரிலுள்ள பூச்சியியல் சங்கத்தார், ஒரே வகைப் பொறிகளை அமைத்து, 1989 முதல் 2016 வரை 63 பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் அகப்பட்ட பறக்கும் பூச்சிகளை எடை போட்டார்கள். அவர்களுள் பலர் பொழுதுபோக்காகப் பூச்சிகளை ஆராய்பவர்கள். 27 ஆண்டுகளில் எடை 75 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருந்தது! 2017இல் இம்முடிவு வெளியானபோது உலகமே திடுக்கிட்டது. பொறியை இடையில் மாற்றியிருந்தால், குறைந்தது பூச்சியா பொறியின் திறனா என்ற வாதத்திலேயே எல்லாம் முடிந்திருக்கும். மலர்களுக்கு மகரந்தமும் பறவைகளுக்கு இரையும் கொண்டுசெல்லும் உயிர்கள் மறைந்துவருவது ஐயத்துக்குரிய செய்தியாகவே நின்றிருக்கும்.

இச்சோதனைக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு குறிப்பேடு போதும். நாள், நேரம், இடம், வெப்பநிலை, காற்று, எண்ணிக்கை, எண்ணியவர், கருவி என்று எட்டுப் பத்திகள் வரைந்துகொள்ளுங்கள். உங்கள் பள்ளி மைதானத்தின் ஓரத்தில் ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்து, வாரந்தோறும் அதே நேரத்தில் நடந்து எண்ணுங்கள். உயர்ந்த ஒலிகளைக் கேட்பதில் உங்கள் செவி ஆசிரியரின் செவியைவிடக் கூர்மையானது என்பதையும் மறவாதீர்கள்.